கலிஃபோர்னியாவில் மோதலுக்குப் பிறகு வரும் ‘வழிவிடவில்லை’ டிக்கெட்: எதிர்த்து வாதாடுவது எப்படி?

கார் மோதல் நடந்த நேரத்தில் அந்த இடத்தில் போலீஸ் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் வழக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கப்போகிறது. வேகமாக ஓட்டியதற்கு வரும் டிக்கெட்டில் (போலீஸ் எழுதித் தரும் அபராதச் சீட்டில்) அதிகாரி தன் கண்ணால் பார்த்ததைச் சொல்வார், அவர் சொல்லுக்கு எதிராக உங்கள் சொல், பெரும்பாலும் அவர் சொல்தான் எடுபடும். மோதலுக்குப் பிறகு எழுதப்படும் டிக்கெட் அப்படி இல்லை. அவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து, இரண்டு ஓட்டுநர்களிடமும் கேட்டு, நசுங்கிய இடத்தைப் பார்த்து, நின்றிருந்த யாரோ ஒருவர் சொன்னதையும் குறித்துக்கொண்டு, "இவர்தான் வழிவிடவில்லை" என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த முடிவு அவருடைய ஊகம். அதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு இருக்கிறது, சாதாரண டிராஃபிக் டிக்கெட்டுக்கும் கலிஃபோர்னியாவில் அளவுகோல் அதுதான்.

இங்கே எழுதியிருப்பது எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டப்பிரிவு, படிவம், கெடு எல்லாமே மாறும். யாராவது காயப்பட்டிருந்தால், அல்லது எதிர்த் தரப்பு வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருந்தால், இதைப் படித்துவிட்டுத் தனியாகக் களத்தில் இறங்காதீர்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள். அந்த நிலையில் டிக்கெட் சின்ன விஷயம், பின்னால் வரும் சிவில் வழக்குதான் பெரியது.

டிக்கெட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது?

‘வழிவிடவில்லை’ என்பது ஒரே குற்றம் இல்லை. வாகனச் சட்டத்தில் அதற்குப் பல பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நிரூபிக்க வேண்டியது வேறு. டிக்கெட்டை எடுத்து எண்ணைப் பாருங்கள்.

21801 என்றால் இடதுபக்கம் திரும்பியது அல்லது யூ-டர்ன் அடித்தது. அதிகம் பேருக்கு வருவது இதுதான். எதிரே வரும் வண்டி, நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கும் எந்த நேரத்திலும் ஆபத்தாக இருக்கும் அளவுக்குக் கிட்டத்தில் இருந்தால், நியாயமான பாதுகாப்போடு திரும்ப முடியும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது இதன் (ஏ) பகுதி.

21802 ஸ்டாப் சைன். நின்றீர்களா என்பது இதில் பாதிக் கதைதான், நின்ற பிறகு குறுக்கே வரும் வண்டிக்கு வழிவிட்டீர்களா என்பது மீதிக் கதை. எல்லாப் பக்கமும் ஸ்டாப் சைன் இருக்கும் சந்திப்புக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அங்கே 21800-தான் பேசும். நான்கு பக்கமும் நிற்க வேண்டிய சந்திப்பில் நடந்த மோதலுக்கு 21802 எழுதியிருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதே கடிதம் எழுதிச் சுட்டிக்காட்ட வேண்டாம், திருத்திக்கொள்ள அவர்களுக்கு நீங்களே நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

21804 என்றால் பார்க்கிங் வளாகத்திலிருந்தோ வீட்டு டிரைவ்வேயிலிருந்தோ சந்திலிருந்தோ சாலைக்கு வந்தது. 21950 நடந்து போகிறவருக்கு வழிவிடாதது.

பெயர், கார் நிறம், தெருப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது, அதனால் டிக்கெட் செல்லாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படியெல்லாம் தள்ளுபடி ஆவதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். 21801, 21802, 21804 மூன்றுக்கும் (பி) என்று ஒரு பகுதி உண்டு. சாராம்சம் இதுதான்: முறைப்படி வழிவிட்ட பிறகு நீங்கள் நகர ஆரம்பித்தால், அதற்குப் பின் வருகிற வண்டிகள் உங்களுக்கு வழிவிட வேண்டும். (21801-இல் மட்டும் இண்டிகேட்டர் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும்.) பலர் கோர்ட்டில் போய் "அவர்தான் சார் வேகமா வந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோற்று வருவது இந்த (பி) பகுதியைப் பார்க்காததால்தான். எதிராளி தப்பு செய்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் பார்த்தீர்கள், காத்திருந்தீர்கள், நகர ஆரம்பித்த நொடியில் ஆபத்தான தூரத்தில் யாரும் இல்லை என்பதைக் காட்டுவதுதான் உங்கள் வேலை. அவருடைய வேகம் அந்தக் கதைக்குள் ஒரு காரணமாக வந்தால் போதும்.

முதல் பத்து நாட்கள்

கோர்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். யாருக்காவது துளி காயம் பட்டிருந்தாலும், அல்லது யாருடைய சொத்துச் சேதமாவது 1,000 டாலரைத் தாண்டினாலும், பத்து நாளுக்குள் டிஎம்வி-க்கு (மாநில மோட்டார் வாகனத் துறை) எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிவிப்புப் படிவம் அனுப்பியாக வேண்டும். தப்பு யார் மேல் என்பது இதற்குச் சம்பந்தமில்லை, போலீஸ் ரிப்போர்ட் எழுதியிருந்தாலும் நீங்கள் தனியாக அனுப்ப வேண்டும். இந்தக் காலத்து பம்பர் விலைக்கு 1,000 டாலர் என்பது ஒரு கீறலிலேயே வந்துவிடும், அதனால் அனுப்பிவிடுவதே மேல்.

அடுத்தது வீடியோ. பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், எதிர் வீட்டு வாசல் கேமரா எல்லாம் பழைய பதிவை அழித்துக்கொண்டே போகும். அன்றைக்கே இல்லையென்றால் மறுநாள் போய்ப் பணிவாகக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் சம்மன் வழியாக வாங்கலாம். உங்கள் டாஷ்கேம் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதே கார்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் மேலே பதிவாகிக் காணாமல் போகும்.

மோதல் நடந்த அதே கிழமை, அதே நேரத்தில் திரும்பப் போய், உங்கள் இருக்கையில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்திலிருந்து படம் எடுங்கள். நிறுத்தியிருக்கும் வேன், மரம், வளைவு, மேடு, கண்ணில் அடிக்கும் வெயில், எது மறைக்கிறதோ அது படத்தில் தெரியட்டும். பார்வை எத்தனை அடி தூரத்தில் முடிகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நினைவில் இருப்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் "நான் கவனிக்கலப்பா" என்று போடவே போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், இந்த வகை வழக்கில் உங்களுக்கு எதிரான பெரிய சாட்சி பெரும்பாலும் நீங்களேதான். மற்றவர்கள் சொன்னதை அதிகாரி கோர்ட்டில் ஒப்பிக்க முடியாது, நீங்கள் சொன்னதை ஒப்பிக்க முடியும். நம் ஆட்கள் மோதிய அதிர்ச்சியில் இறங்கியதும் "சாரி, சாரி, நான் பார்க்கவே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள், அது மரியாதைக்குச் சொன்னது என்பது நமக்குத் தெரியும், சாட்சியச் சட்டத்துக்குத் தெரியாது. ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் சரி, அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

பேசாமல் கட்டிவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: சிலருக்கு அதுதான் சரி. இந்தப் பிரிவுகளுக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான், ஆனால் அதன் மேல் மாநில, கவுண்டி கட்டணங்கள் எல்லாம் ஏறி, கையில் வரும் தொகை சுமார் 230–240 டாலர். பணம் பெரிய விஷயம் இல்லை. கட்டினால் அது தண்டனையாகவே பதிவாகும், ஓட்டுநர் ஆவணத்தில் ஒரு பாயின்ட் (தவறுக்கான புள்ளி) ஏறும், மூன்று வருடம் தெரியும். 12 மாதத்தில் 4, 24 மாதத்தில் 6, 36 மாதத்தில் 8 பாயின்ட் ஆனால் உரிமத்துக்கே ஆபத்து. அதைவிட நிஜமான இழப்பு இன்சூரன்ஸில் இருக்கிறது. 1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் பிரேரணைப்படி நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி உண்டு, மூன்று வருடத்தில் ஒரு பாயின்ட்டுக்கு மேல் போனால் அது கையை விட்டுப் போய்விடும். ஏற்கெனவே ஒரு பாயின்ட் இருக்கிறவர் இந்த டிக்கெட்டை அலட்சியமாகக் கட்டக்கூடாது.

18 மாதத்துக்கு ஒரு முறை டிராஃபிக் ஸ்கூல் (சாலை விதி வகுப்பு) போகலாம், போனால் அந்தத் தண்டனை இன்சூரன்ஸ் கண்ணில் படாமல் மறைக்கப்படும். கமர்ஷியல் உரிமம் வைத்திருப்பவருக்கு இந்த மறைப்பு கிடையாது. முந்தைய டிக்கெட் எதுவும் இல்லை, வாயால் ஒப்புக்கொண்டாயிற்று, நேரில் பார்த்த சாட்சியும் இருக்கிறார், உங்களிடம் வீடியோவும் இல்லை என்றால் டிராஃபிக் ஸ்கூல் எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒன்றை மறக்க வேண்டாம்: டிராஃபிக் ஸ்கூல் மறைப்பது டிக்கெட்டை மட்டும். மோதலில் தப்பு யாருடையது என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி தானாகத் தனியாக முடிவு செய்யும், நீங்கள் 51 சதவீதமோ அதற்கு மேலோ பொறுப்பு என்று அவர்கள் தீர்மானித்தால் அதன் விளைவு தனி.

எதிர்க்காமல் முடிக்கப் போகிறீர்கள் என்றாலும் ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லாமல் ‘எதிர்க்கவில்லை’, அதாவது நோ கான்டெஸ்ட் என்று பதிவு செய்யக் கேளுங்கள். கோர்ட்டைப் பொறுத்தவரை இரண்டும் தண்டனைதான். ஆனால் தண்டனைச் சட்டம் 1016-ஆம் பிரிவுப்படி, இந்த மாதிரிச் சிறு குற்றங்களில் நோ கான்டெஸ்ட் சொன்னதை நாளைக்கு ஒரு நஷ்டஈடு வழக்கில் உங்கள் ஒப்புதலாகக் காட்ட முடியாது.

டிக்கெட்டில் தோற்றால் நஷ்டஈடு வழக்கிலும் தோற்றதாக ஆகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. வாகனச் சட்டம் 40834 அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது: டிராஃபிக் தண்டனை சிவில் வழக்கைக் கட்டுப்படுத்தாது.

எழுதிக் கொடுப்பதா, நேரில் போவதா?

இணையத்தில் கலிஃபோர்னியா டிக்கெட் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ‘ட்ரையல் பை டிக்லரேஷன்’. டிஆர்-205 படிவத்தில் உங்கள் கதையை எழுதி, முழு அபராதத் தொகையையும் முன்கூட்டியே கட்டி அனுப்ப வேண்டும் (கோர்ட் பாஷையில் இதற்கும் ‘பெயில்’ என்றுதான் பெயர், பயப்பட வேண்டாம்). அதிகாரியும் எழுத்தில் பதில் அனுப்புவார், நீதிபதி இரண்டையும் படித்துத் தீர்ப்பு சொல்வார். தோற்றால் 20 நாளுக்குள் டிஆர்-220 போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி புதிதாக நேரடி விசாரணை கேட்கலாம். இரண்டு வாய்ப்பு, அதனால் எல்லோரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். வேக டிக்கெட்டுக்கு அது நல்ல யோசனைதான்.

மோதல் டிக்கெட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதற்கு இரண்டு காரணம். முதலாவது, எழுத்து வழி விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் வழக்கமான விதிகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. அதிகாரியின் வாக்குமூலம், டிக்கெட் எல்லாம் அப்படியே உள்ளே போகும். நேரில் போனால் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே பெரிய ஆயுதம், பிறர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்லக்கூடாது என்ற செவிவழிச் சாட்சிய விதி (ஆங்கிலத்தில் ‘ஹியர்சே’). எழுத்து வழியில் போனால் அதை நீங்களே கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறீர்கள். இரண்டாவது, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று கையெழுத்திட்டு நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் கோப்பில் உட்கார்ந்திருக்கும், ஒரு நஷ்டஈடு வழக்கு வந்தால் எதிர் வக்கீல் அதைத்தான் முதலில் தேடுவார்.

கையில் தெளிவான வீடியோ இருக்கிறது, யாருக்கும் காயமில்லை, இன்சூரன்ஸ் கணக்கும் முடிந்துவிட்டது என்றால் எழுத்து வழியில் போகலாம், தப்பில்லை. மற்ற எல்லோருக்கும் நேரடி விசாரணை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் கோர்ட்டைத் தொடர்புகொண்டு ‘குற்றமற்றவன்’ என்று பதிவு செய்து விசாரணைத் தேதி வாங்குங்கள். பல கவுண்டிகளில் ஆன்லைனிலேயே முடியும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் சின்ன விஷயம் பெரிய விஷயமாகும், ஆஜராகாதது தனிக் குற்றம். நேரில் போய் மறுக்கிறவரிடம் பொதுவாக விசாரணைக்கு முன் பணம் கட்டச் சொல்லக்கூடாது என்பது 2015-இலிருந்து விதி, தபால் வழியாகத் தேதி கேட்டால் கட்டச் சொல்வார்கள். 45 நாளுக்குள் விசாரணை நடக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு பெட்டியில் டிக் அடிக்கச் சொல்வார்கள், ஆதாரம் சேகரிக்க அவகாசம் வேண்டுமென்றால் மட்டும் அடியுங்கள்.

தேதி வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இலவசம். ஆஃபீஸில் ஆங்கிலத்தில் சமாளிப்பது வேறு, நீதிபதி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணை செய்வது வேறு. ஊருக்கு வந்திருக்கும் அப்பாவோ மாமாவோ வண்டி ஓட்டி டிக்கெட் வாங்கியிருந்தால் இது கட்டாயம், "நானே கூட நின்னு சொல்லிடறேன்" என்று பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கிளம்புவது பெரும்பாலும் எடுபடாது. கடைசி நாளில் கேட்டால் தமிழுக்கு ஆள் கிடைக்காமல் வாய்தாதான் கிடைக்கும்.

கோப்பைத் தயார் செய்வது

முதலில் மோதல் ரிப்போர்ட். நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் எழுதியிருந்தால் சிஎச்பி 190 படிவத்தில் கேட்க வேண்டும், நகரப் போலீஸ் என்றால் அவர்களின் ரெக்கார்ட்ஸ் பிரிவில். மோதலில் சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் உங்களுக்கு அதைப் பெறும் உரிமை உண்டு. யார் என்ன சொன்னார்கள், சாட்சிகள் யார், வரைபடத்தில் மோதிய புள்ளியை எங்கே குறித்திருக்கிறார், எதை அளந்தார், எதை அளக்கவில்லை, எல்லாம் அதில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 20013-ஆம் பிரிவுப்படி மோதல் ரிப்போர்ட்டையே சாட்சியமாக விசாரணையில் தாக்கல் செய்ய முடியாது. நீங்கள் படிப்பதற்கு அது பாடப்புத்தகம், கோர்ட்டில் யாரும் அதைத் தூக்கி நீட்ட முடியாது.

அடுத்து, அதிகாரியின் குறிப்புகள், உடலில் மாட்டிய கேமராப் பதிவு, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் ஒரு கோரிக்கை. போலீஸ் துறைக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இரண்டுக்குமே அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் கோர்ட்டிடம் உத்தரவு கேட்கலாம். கேமராப் பதிவை வாங்கியே தீருங்கள். "நான் பார்க்கவில்லை" என்று நீங்கள் சொன்னதாக ரிப்போர்ட்டில் இருக்கும், பதிவைப் பார்த்தால் "அவ்வளவு வேகத்தில் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை" என்று சொல்லியிருப்பீர்கள். நம் உச்சரிப்பு, அவர்களின் அவசரம், இரண்டுக்கும் நடுவில் வாக்கியம் உருமாறுவது சாதாரணம்.

சிக்னல் உள்ள சந்திப்பு என்றால் நகராட்சியின் டிராஃபிக் பொறியியல் பிரிவிடம் பொதுஆவணச் சட்டப்படி அந்த சிக்னலின் நேர அட்டவணையைக் கேளுங்கள், பத்து நாளுக்குள் பதிலாவது சொல்ல வேண்டும். பச்சை அம்பு இருந்தால் மட்டுமே இடதுபக்கம் திரும்பக்கூடிய சந்திப்பாக இருந்து, நீங்கள் அம்பில்தான் திரும்பினீர்கள் என்றால், அந்த நேரத்தில் எதிரே வந்தவருக்குச் சிவப்பு இருந்திருக்க வேண்டும் என்பதை அந்த அட்டவணையே சொல்லும்.

மஞ்சள் விளக்கு வாதத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "மஞ்சள் விழுந்துவிட்டது, அவர் நிற்பார் என்று நினைத்துத் திரும்பினேன்" என்று சொன்னால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது. கலிஃபோர்னியாவில் மஞ்சளில் சந்திப்புக்குள் நுழைவது குற்றமில்லை, மஞ்சள் என்பது எச்சரிக்கை மட்டுமே. அவர் வர உரிமை உண்டு, நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் நுழையும்போது சிவப்பு விழுந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இருந்தால் அது வேறு கதை.

தூரம், நேரம், வேகம்

இந்த இடத்தில்தான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், போட்டால் பலன் உண்டு. மணிக்கு ஒரு மைல் வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 1.47 அடி. 35 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 51 அடி கடக்கும், 50 மைலில் வருகிறவர் 73 அடி. உங்களுக்குத் திரும்பி முடிக்க நான்கு வினாடி தேவை என்று வைத்துக்கொள்வோம் (நேரில் போய் மற்ற கார்கள் திரும்புவதை ஃபோனில் வீடியோ எடுத்து அளந்துகொள்ளுங்கள்). 250 அடி தூரத்தில் ஒரு கார் தெரிகிறது. அது 35-இல் வந்தால் உங்களிடம் சேர ஏறக்குறைய 4.9 வினாடி, நீங்கள் தாண்டிவிடுவீர்கள். 50-இல் வந்தால் 3.4 வினாடி, உங்கள் பின் கதவில் வந்து முட்டும். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே முடிவு நீங்கள் எடுத்தது. வேக வரம்பு 35 உள்ள சாலையில் 250 அடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதர் கவனக்குறைவானவர் இல்லை என்பதுதான் நீதிபதியிடம் நீங்கள் சொல்ல வேண்டியது.

மேடோ வளைவோ இருந்தால் இன்னும் எளிது. 200 அடிக்கு மேல் பார்வை போகாத இடத்தில், நீங்கள் கிளம்பும்போது சாலை காலி. 50-இல் வருகிற கார் அந்த 200 அடியை 2.7 வினாடியில் தின்றுவிடும். கண்ணில் படாத வண்டிக்கு வழிவிடுவது எப்படி?

வண்டி எங்கே நசுங்கியது என்பது இதோடு சேர்ந்து பேசும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடி விழுந்திருந்தால் நீங்கள் திரும்பி முடிக்கும் தறுவாயில் இருந்தீர்கள். முன் மூலையில் அடி என்றால், உண்மையைச் சொல்கிறேன், கிளம்பும்போதே அவர் கிட்டத்தில் இருந்தார் என்றுதான் நீதிபதி நினைப்பார்.

21801-இல் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக்கூடாது. ‘திரும்பிக்கொண்டிருக்கும் எந்த நேரத்திலும்’ என்று சட்டம் சொல்வதால், கிளம்பும்போது பார்த்தேன் என்பது மட்டும் போதாது. நடுவில் அவர் வேகம் புரிந்தபோது நின்றீர்களா, நிற்க இடம் இருந்ததா, நின்றால் அவர் பாதையிலேயே நிற்க வேண்டி வந்திருக்குமா என்பதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

அவருடைய வேகத்தை எப்படிக் காட்டுவது? வீடியோவில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே கடந்த நேரத்தை அளக்கலாம். புதிய கார்களில் பெரும்பாலானவற்றில் மோதலுக்கு முந்தைய ஐந்து வினாடி வேகம், பிரேக் விவரங்களைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது, ஆனால் அவர் காரின் தரவு அவருக்குச் சொந்தம், அதை எடுக்கச் செலவும் உண்டு. 240 டாலர் டிக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது, பெரிய நஷ்டஈடு விவகாரம் என்றால் இன்சூரன்ஸ் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

விசாரணை நாள்

ஜூரி கிடையாது, இலவச அரசு வக்கீல் கிடையாது, பெரும்பாலான கோர்ட்டுகளில் எதிர்ப்பக்கம் அரசு வழக்கறிஞரும் இருக்க மாட்டார். நீதிபதி, அதிகாரி, நீங்கள். படங்கள், வரைபடம் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ காட்ட வேண்டுமென்றால் எப்படிக் காட்டலாம் என்று முன்னாலேயே கிளார்க்கிடம் கேட்டுவிடுங்கள்.

அதிகாரி வரவில்லை என்றால் வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். வந்திருக்கிறார், ஆனால் மற்ற ஓட்டுநரும் சாட்சியும் வரவில்லை என்றால், உண்மையான சண்டை இப்போதுதான்.

அவர் பேச ஆரம்பித்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "இரண்டாவது வாகனத்தின் ஓட்டுநர் என்னிடம் சொன்னது என்னவென்றால்..." என்று வந்ததும், மரியாதையாக, உடனே: "அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர், ஹியர்சே." வெட்கப்படாதீர்கள், வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் சொன்னால் பயனில்லை, அந்தக் கணத்தில் சொல்ல வேண்டும். மோதிய அதிர்ச்சியில் உடனே வாயில் வந்த வார்த்தைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை வைத்து நீதிபதி ஏற்றுக்கொள்ளலாம். அப்படியானால் அதிகாரி எத்தனை நிமிடம் கழித்து வந்தார், அந்த ஓட்டுநர் அப்போது நிதானமாக நின்றிருந்தாரா என்று கேளுங்கள்.

"என் விசாரணையின்படி இவர்தான் வழிவிடவில்லை" என்று முடிவைச் சொன்னால், எதை வைத்து என்று கேட்க வேண்டும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016-இல் சான்செஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிபுணர் என்றாலும், வழக்குக்கே உரிய விவரங்களைப் பிறர் சொல்லிக் கேட்டு அதை உண்மை என்று கோர்ட்டில் ஒப்பிக்க முடியாது. அதே சமயம் அவர் தன் கண்ணால் பார்த்ததைத் தாராளமாகச் சொல்லலாம்: டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடம், நசுங்கிய பகுதி. நீங்கள் சொன்னதையும் சொல்லலாம்.

குறுக்கு விசாரணையில் சண்டை போடாதீர்கள், குட்டிக் கேள்விகள் போதும். மோதலை நீங்கள் பார்த்தீர்களா? நீங்கள் வரும்போது வண்டிகள் நகர்த்தப்பட்டிருந்தனவா? மற்ற காரின் வேகத்தை எந்த வழியிலாவது அளந்தீர்களா? நான் திரும்ப ஆரம்பித்தபோது அந்தக் கார் எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? கடைசிக் கேள்விக்குத் ‘தெரியாது’ என்ற பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆசைப்பட்டு இன்னொன்று கேட்டால் அதில் அவர் தப்பித்துக்கொள்வார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நேரில் பார்க்காத மோதலுக்கு டிக்கெட் எழுத, 40600-ஆம் பிரிவுப்படி, அதிகாரி மாநில ஆணையம் அங்கீகரித்த மோதல் விசாரணைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், விதிமீறல் அந்த மோதலுக்கு ஒரு காரணமாகவும் இருந்திருக்க வேண்டும். முடித்தீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடித்திருப்பார், அதனால் இதை நம்பி வழக்கை நடத்தாதீர்கள்.

அவர் சாட்சியம் முடிந்ததும், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன், தண்டனைச் சட்டம் 1118-ஆம் பிரிவின் கீழ் விடுவிக்கும்படி கேளுங்கள்: நான் நகர ஆரம்பித்தபோது ஆபத்தான தூரத்தில் வண்டி இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சியம் எதுவும் இல்லை, ஆகவே குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு படித்தாலும் போதும். பலர் இதைத் தாண்டி நேராகத் தங்கள் கதைக்குப் போய், அரசுத் தரப்பில் இருந்த ஓட்டையைத் தாங்களே அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். "ஆமாம், அவர் வருவதைப் பார்த்தேன், ஆனால் தூரத்தில்தான்..." என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில், அதுவரை இல்லாத நேரடிச் சாட்சியம் வந்துவிட்டது. சாட்சி சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மனு மறுக்கப்பட்டால், அல்லது மற்ற ஓட்டுநரே வந்து சாட்சி சொல்லிவிட்டால், அப்போது உங்கள் கதை வேண்டும். சுருக்கமாக, வரிசையாக: எங்கே நின்றேன், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் பார்த்தேன், எவ்வளவு தூரம் தெரிந்தது, இண்டிகேட்டர் எரிந்தது, கிளம்பினேன், எங்கே அடி விழுந்தது, பிறகு படங்கள், கணக்கு, (பி) பகுதி. மற்ற ஓட்டுநரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்னை முதலில் எப்போது பார்த்தீர்கள்? "பார்க்கவே இல்லை, திடீரென்று முன்னால் இருந்தார்" என்று சொன்னால், சாலையைப் பார்க்காமல் வந்தவர் தூரத்தைப் பற்றிச் சொன்னதற்கு மதிப்பு குறைகிறது.

தீர்ப்புக்குப் பிறகு

ஜெயித்தால், முன்பணம் கட்டியிருந்தால் அது காசோலையாக வீடு வந்து சேரும், சில வாரம் ஆகும். தீர்ப்பின் பிரதியை வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் ஆளுக்கு அனுப்புங்கள். அவர்கள் தங்கள் முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனாலும் கோப்பில் டிக்கெட் மட்டும் இருப்பதைவிட விடுதலையும் சேர்ந்து இருப்பது நல்லது.

தோற்றால் அங்கேயே, நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிடுவதற்குள், டிராஃபிக் ஸ்கூல் கேளுங்கள். விசாரணைக்குப் பிறகும் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு, கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமைதியாக வாதாடியவருக்குக் கொடுக்க மனம் வரும், அதனால்தான் குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்த வேண்டாம் என்கிறேன். பணம் கஷ்டம் என்றால் வருமானத்துக்கு ஏற்பக் குறைக்கவும் தவணையில் கட்டவும் மனு போடலாம்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள், படிவம் சிஆர்-142. அங்கே புதிய சாட்சியம் எடுக்க மாட்டார்கள், சட்டப் பிழை நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் அன்று சொன்ன ‘அப்ஜெக்‌ஷன்’ பதிவாகியிருந்தால்தான் அங்கே பேசவே ஏதாவது இருக்கும், பல டிராஃபிக் கோர்ட்டுகளில் விசாரணை பதிவு செய்யப்படுவதே இல்லை. அதனால் விசாரணைக்கு முன்பே, பதிவு உண்டா, இல்லையென்றால் சொந்தச் செலவில் கோர்ட் ரிப்போர்ட்டரை வைத்துக்கொள்ளலாமா என்று கிளார்க்கிடம் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும், சில வாரம் கழித்து டிஎம்வி தளத்தில் உங்கள் ஓட்டுநர் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட டிக்கெட் தண்டனையாக ஏறியிருந்தால் கோர்ட் கிளார்க்கிடம் போய்த் திருத்தச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது என்றால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.